கடிவாளத்திற்கு இணங்காத குதிரை

சென்னையினின்று பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையிலுள்ள சுங்குவார்சத்திரம், இன்று தொழிற்சாலைகளாற் பெயர் பெற்றிருப்பினும், வழிப்போக்கர் தங்கிய காலத்தைத் தன் பெயரில் இன்னும் தாங்கி நிற்கின்றது. மோட்டார் வாகனங்கள் பெருகுமுன் இத்தகைய சத்திரங்களில் மனிதரோடு ஜட்காக் குதிரைகளும் கடிவாளம் நீங்கி இளைப்பாறின. மீண்டும் பூட்டுங்கால் தலையை உயர்த்திப் பல்லை இறுக்கும் குதிரைக்குச் சவுக்கே மருந்தென்பாரும் உளர். கடல்வழி வந்த குதிரைகள் பேணுமறிவுடையோர் இன்மையாற் பாண்டிநாட்டில் மடிந்தனவென்று, 13ஆம் நூற்றாண்டில் வந்த மார்க்கோ போலோ எழுதியதை நாம் ஈண்டு நினைவுகூரலாம்.

அக்குதிரை காட்டுவது பெரும்பாலும் பிடிவாதமன்று, நோவின் நினைவேயாம். குதிரையின் முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் இடையே பல்லில்லாத ஈறு உண்டு. கடிவாள இரும்பு தங்குமிடம் அதுவே. இரும்பு பல்லில் மோதினும், கூர்ந்த கடைவாய்ப்பல் கன்னத்தைக் கீறினும், குதிரை அதனை எளிதில் மறவாது. ஆகையால் முதலிற் கால்நடை மருத்துவரைக்கொண்டு வாயைச் சோதித்தல் வேண்டும்.

பின்னர்க் குதிரையின் இடப்புறம் நின்று, காதுகளுக்குப் பின்னே வலக்கையை மெல்ல அழுத்தித் தலை தாழ்த்தப் பழக்குக. தாழ்த்திய கணமே கையை எடுத்தல் இன்றியமையாதது. அவ்விடுதலையே அதற்குக் கூலி. இரும்பிற் சிறிது வெல்லந் தடவி, இடக்கையாற் பல்லருகே ஏந்தி, அக்கையின் கட்டைவிரலைக் கடைவாய் வழியே பல்லில்லா ஈற்றில் வைத்தால் வாய் தானே திறக்கும். அப்பொழுது தலைவாரை உயர்த்துக, காதை நெரிக்கலாகாது.

பூட்டுவதினும் கழற்றுவதிலேதான் அவசரம் பெருந்தீங்கு விளைக்கும். வாரைக் காதினின்று நீக்கியபின், குதிரை தானே இரும்பை விடுமளவும் காத்திருத்தல் வேண்டும். இழுத்தெடுத்தால் அது பல்லில் மோதும். மறுநாட் காலையிற் குதிரை தலை தூக்குவது அதனாலேயே.