கூலியில்லா உழைப்பும் குற்றத் தண்டனையும்

குற்றம் செய்தாரை ஒறுத்தல் அரசின் கடமையென்பதை மறுப்பார் இலர். ஆயின், அவ்வொறுத்தலின் பயன் யாது? திருவள்ளுவர் செங்கோன்மை, கொடுங்கோன்மை என்னும் அதிகாரங்களை அடுத்து ‘வெருவந்த செய்யாமை’ என்றோர் அதிகாரம் வகுத்தார். குற்றத்தை முறையாக ஆராய்ந்து, அது மீண்டும் நிகழாவண்ணம், அதற்கு ஒத்த அளவில் தண்டிப்பவனே வேந்தன் என்பது அதன் தொடக்கத்தில் அவர் கூறும் கருத்து. அளவில் ஒத்திருத்தல், மீண்டும் நிகழாமை என்னும் இவ்விரண்டையும் துலாக்கோலாகக் கொண்டு நோக்கின், சிறு குற்றம் செய்தாரையும் சிறையிலிடும் வழக்கம் குறையுடையதென்பது விளங்கும். சின்னாட் சிறைவாசத்தால் ஒருவன் திருந்துதல் அரிது. தொழிலை இழத்தல் எளிது. அவன் மனைவி மக்கள் யாதொரு குற்றமும் செய்யாமலே துன்புறுகின்றனர். கொடிய குற்றவாளிகளின் கூட்டுறவும் அவனுக்கு அங்கே வாய்க்கின்றது. அவனால் கேடுற்ற ஊரோ ஒரு பயனும் பெறுவதில்லை.

இக்குறையை நீக்க வழி கண்ட நாடுகளுள் இங்கிலாந்து ஒன்று. பொருளியலிலும் சமூகவியலிலும் வல்லவரும், பல்லாண்டு நீதிமன்றத்தில் அமர்ந்து வழக்குகளை ஆராய்ந்தவருமாகிய பார்பரா ஊட்டன் அம்மையாரின் தலைமையில் அமைந்த குழு, 1970-ஆம் ஆண்டில் ஓர் அறிக்கை வெளியிட்டது. குற்றவாளி தன் ஓய்வு நேரத்தில் ஊதியமின்றி ஊருக்கு உழைப்பதையே தண்டனையாக விதிக்கலாம் என்பது அதன் பரிந்துரைகளுள் ஒன்று. 1972-ஆம் ஆண்டுச் சட்டம் அதனை ஏற்றது. அடுத்த ஆண்டில் நாட்டிங்ஹாம், டர்ஹம், கென்ட் முதலிய ஆறு பகுதிகளில் இம்முறை சோதனையாகத் தொடங்கப்பெற்றது.

அது நடைபெற்ற முறை இது: சிறைத்தண்டனைக்குரிய குற்றம் செய்த, 17 வயது நிரம்பிய ஒருவன் உடன்பட்டால், 40 மணி நேரத்திற்குக் குறையாமலும் 240 மணி நேரத்திற்கு மிகாமலும் உழைக்குமாறு நீதிமன்றம் ஆணையிடும். அதனை அவன் 12 திங்களுள் முடித்தல் வேண்டும். அவனுடைய தொழிலுக்கும் கல்விக்கும் இயன்றவரை இடையூறு நேராதவாறு நன்னடத்தை அலுவலர் நாளும் வேலையும் குறிப்பார். முதியோர் இல்லங்களுக்கு வண்ணம் பூசுதல், சிறுவர் விளையாடும் திடல்களைச் செப்பனிடுதல், புதர் மண்டிய இடங்களைத் திருத்துதல் முதலியன இத்தகைய வேலைகள். தக்க காரணமின்றி வாராதவன் மீண்டும் நீதிமன்றத்தில் நிறுத்தப்படுவான். பின்னர் 1997-ஆம் ஆண்டுச் சட்டம் உடன்பாடு என்னும் விதியை நீக்கியது. 2003-ஆம் ஆண்டுச் சட்டம் உச்ச அளவை 300 மணி நேரமாக உயர்த்தியது.

2008-ஆம் ஆண்டில் ஒரு பெரும் விவாதம் எழுந்தது. லூயிஸ் கேசி அம்மையார் அரசுக்கு அளித்த அறிக்கையைப் பின்பற்றி, இவ்வாறு உழைப்போர் இன்னாரென்பதைக் காட்டும் சொற்கள் முதுகிற் பொறித்த செம்மஞ்சள் மேலாடை அணிதல் வேண்டும் என்று விதிக்கப்பட்டது. நீதி நடைபெறுதலை மக்கள் கண்ணாரக் காணல் வேண்டும் என்றனர் ஒரு சாரார். நாணுறுத்துதல் திருத்துதல் ஆகாது என்றனர் மற்றொரு சாரார். மக்கள் காணவேண்டியது உழைப்பின் பயனையேயன்றி உழைப்பவன் முகத்தையன்று என்பதே எம் கருத்து. செப்பனிட்ட திடல் நெடுநாள் நின்று பேசும். இகழ்ச்சிக்கு ஆளானவன் நெஞ்சில் எஞ்சுவது வெறுப்பே.

இவ்வாராய்ச்சி நமக்கும் உரியது. 2024-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த பாரதீய நியாய சன்ஹிதா, பழைய தண்டனைச் சட்டத்தில் இல்லாத சமூக சேவையைத் தண்டனை வகைகளுள் ஒன்றாகச் சேர்த்துளது. 5,000 ரூபாய்க்குக் குறைந்த பொருளை முதன்முறை திருடி, அதனைத் திருப்பிக் கொடுத்தவர், பொது இடத்தில் குடித்துத் தீங்கு செய்தவர், அவதூறு பரப்பியவர் முதலியோர்க்கு அது பொருந்தும். ஆயினும் இன்ன வேலை, இத்துணை மணி நேரம் என்று அச்சட்டம் வரையறுத்துக் கூறவில்லை.

இங்கேதான் நாம் விழிப்பாயிருத்தல் வேண்டும். நம் நாட்டில் சில தொழில்களை இழிந்தனவென்று எண்ணும் தீய வழக்கம் இன்னும் அழிந்திலது. இந்நிலையில், ‘நீ செய்த குற்றத்திற்குத் தெருவைப் பெருக்குக’ என்று ஒருவனுக்கு ஆணையிட்டால், நாள்தோறும் நேர்மையாகத் தெருவைப் பெருக்கிப் பிழைக்கும் தாய் செய்த குற்றம் யாது? தன் அன்னையின் கையிலுள்ள துடைப்பம் குற்றவாளிக்குத் தண்டனையாவதைக் காணும் சிறுவன் என் நினைப்பான்? ஆதலின், தண்டனையாவது வேலையன்று. குற்றவாளி இழக்கும் நேரமும் அவன் பெறாத கூலியுமே தண்டனை என்பது தெளிவாதல் வேண்டும். தூய்மைப் பணியே தரப்படினும், அத்தொழிலில் தேர்ந்தவரே அவனுக்கு ஆசிரியராக நின்று கற்பித்தல் தகும்.

இன்னும் இரண்டு காவல்கள் வேண்டும். கூலி பெற்று உழைக்கும் ஏழையின் வேலையை இது பறித்தல் ஆகாது. தனியார் ஆதாயத்திற்கும் இவ்வுழைப்பு பயன்படலாகாது. நீதிமன்றத் தீர்ப்பால் செய்விக்கும் வேலை பொது அதிகாரியின் மேற்பார்வையில் நடைபெறல் வேண்டும், தனியார் வசம் ஒப்படைக்கப்படலாகாது என்பதை 1930-ஆம் ஆண்டின் கட்டாய உழைப்பு உடன்படிக்கையும் வற்புறுத்துகின்றது.

மாணவ நண்பர்களே! சட்டம் நீதிமன்றத்தோடு நின்றுவிடுவதன்று. அதன் எஞ்சிய பகுதி நம் தெருவில் நிறைவேறும். நாளை நம்மூர்க் குளக்கரையில் ஒருவன் இவ்வாறு மண் சுமந்து நிற்பானாயின், அவனைச் சுட்டி நகைத்தல் நமக்கு அழகன்று. குடிக்க நீர் கொடுத்து, ‘கரை நன்கு உயர்ந்தது, அண்ணே’ என்று ஒரு சொல் சொல்லுவோமாக. அவன் கடன் தீர்ந்தது என்பதை அவனுக்கு உணர்த்த வல்லது அச்சொல்லே.