கானுயிர்க்கும் ஒரு குடிமராமத்து

விருதுநகர் மாவட்டம் வானம் பார்த்த பூமி என்பது யாவரும் அறிந்ததே. அதன் மேற்கெல்லையிலுள்ள ஸ்ரீவில்லிபுத்தூர் மலைக்காடு 1988-இல் சாம்பல் நிற அணில் சரணாலயமாகவும், 2021-இல் மேகமலையுடன் இணைந்து புலிகள் காப்பகமாகவும் ஆயிற்று. கோடையில் ஓடைகள் வற்றினால் மான்கள் நீர் தேடி அடிவாரத் தோப்புகளில் இறங்குகின்றன. நாய்களிடம் சிக்கியும், கிணற்றில் வீழ்ந்தும் மடிகின்றன. பயிருக்கும் சேதமே.

ஆகவே வனத்துறையினர் காட்டினுள் தொட்டிகள் அமைத்து நீர் நிரப்புகின்றனர். தொட்டி கட்டுவது ஒருமுறைச் செலவு. வெடிப்பைப் பூசுதலும் வண்டலை அள்ளுதலும் ஆண்டுச் செலவு. பின்னதற்கு நிதி ஒதுக்காவிடில் முன்னதும் வீணாகும்.

2017-இல் தமிழக அரசு புதுப்பித்த குடிமராமத்தில், கண்மாய்ச் செலவில் பத்திலொரு பங்கைப் பாசனதாரர்கள் ஏற்றனர். அம்முறையை அடிவார ஊராட்சிகளும், சிவகாசித் தொழிலதிபர்களும் மேற்கொண்டு, கோடைக்கு முன்பே ஒரு சிறு மராமத்து நிதி திரட்டுதல் நலம். காட்டில் நீர் நின்றால் நம் பயிரும் நிற்கும் என்பதை நாம் மறத்தலாகாது.