நீர்க்கடுப்பா? கஷாயத்தோடு நின்றுவிடாதீர்கள்

மிளகு பறிப்பு நேரத்தில் எங்க அப்பாவுக்கு நீர்க்கடுப்பு. வயசு 74. சூடுன்னு நினைச்சு நெருஞ்சில் கஷாயம் கொடுத்தோம். மூணாம் நாள் குளிர்காய்ச்சல், பேச்சில் தடுமாற்றம். "வயசாயிடுச்சு, அப்படித்தான்" என்றார்கள். இல்லை, கிருமித் தொற்று.

வயதான ஆண்களுக்குப் புராஸ்டேட் சுரப்பி பெருத்து நீர்ப்பாதையை நெருக்கும். பையில் தேங்கும் சிறுநீரில் கிருமி பெருகும். நெருஞ்சிலைக் குறை சொல்லவில்லை. தொற்று முற்றினால் அது போதாது. மாத்திரை தொடங்கும் முன்பே சிறுநீரைக் கல்ச்சர் பரிசோதனைக்குக் கொடுங்கள். எந்த மருந்து கேட்கும் என்று அதில் தெரியும். பெரும்பாலும் 7 நாளாவது சாப்பிடச் சொல்வார்கள். எரிச்சல் நின்றதும் நிறுத்தக் கூடாது.

காய்ச்சல், விலாவை ஒட்டி முதுகுவலி, நீர் அடைப்பு, திடீர்க் குழப்பம் என்றால் விடியட்டும் என்று இருக்காதீர்கள். செம்மேடு அரசு மருத்துவமனைக்குப் போங்க. அவர்கள் அனுப்பினால் 70 கொண்டை ஊசி வளைவையும் அன்றே இறங்கிவிடுங்கள்.