வெளியே குடிசை, உள்ளே கூடம்!

குணா குகையும் கம்ப்யூட்டர் விளையாட்டும்

உங்கள் வீட்டுப் பையன் கம்ப்யூட்டரில் விளையாடுகிறானா? ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

விளையாட்டில் ஒரு குடிசை வரும். வெளியே இருந்து பார்த்தால் நாலு பேர் படுக்க இடம் இராது. கதவைத் திறந்து உள்ளே போனால், கல்யாணக் கூடம் போல விரிந்து கிடக்கும்!

இது என்ன மாயம்?

மாயம் ஒன்றும் இல்லை. பல விளையாட்டுகளில், ஓடுகிற வீரனை அவன் முதுகுக்குப் பின்னால் இருந்து நாம் பார்க்கிறோம். அங்கே ஒரு கேமரா இருப்பதாகக் கணக்கு. நம் வீட்டு அளவில் அறை கட்டினால், அந்தக் கேமரா சுவரில் முட்டிக்கொள்ளும். ஆகவே, கூரையை உயர்த்துகிறார்கள், கதவை அகலமாக்குகிறார்கள், அறையைப் பெரிதாக்குகிறார்கள்.

வெளியேயும் அப்படிப் பெரிதாக்கினால், தெருவைக் கடக்கவே பொழுது போய்விடும். அதனால் வெளி வீடு வேறு, உள் வீடு வேறு என்று தனித்தனியாகச் செய்கிறார்கள். 2011-ல் வந்த "ஸ்கைரிம்" விளையாட்டில் பல வீடுகள் இப்படித்தான். கதவைத் திறந்ததும் ஊர் மறையும், அறை தோன்றும்.

குகை எங்கே?

சினிமாவிலும் இந்த வித்தை உண்டு.

கொடைக்கானலில் தூண்பாறைக்குப் பக்கத்தில் ஆழமான பாறைப் பிளவுகள் இருக்கின்றன. வெள்ளைக்காரர்கள் அதைப் "பேயின் சமையற்கட்டு" என்றார்கள். 1991-ல் கமல்ஹாசன் நடித்த "குணா" அங்கே படமாக்கப்பட்டது. அதன் பிறகு அது "குணா குகை" ஆகிவிட்டது.

2006-ல் கேரளத்தில் இருந்து சுற்றுலா வந்த நண்பர்களில் ஒருவர் அங்கே குழிக்குள் விழுந்துவிட்டார். இன்னொரு நண்பர் கயிறு கட்டி இறங்கினார். விழுந்தவரை உயிரோடு மீட்டார். அந்த உண்மைக் கதைதான் 2024-ல் வந்த "மஞ்சும்மல் பாய்ஸ்" படம்.

படத்தில் மலையும் மரங்களும் கொடைக்கானல்தான். ஆனால், நம்மை நடுங்க வைத்த அந்தக் குழி? அது கேரளத்துப் பெரும்பாவூரில், ஒரு கிடங்குக்குள் போட்ட செட்! கலை இயக்குநர் அஜயன் சாலிசேரி அமைத்தது. நடிகர் தொங்க வேண்டும். கேமரா நிற்க வேண்டும். விளக்கு எரிய வேண்டும். நிஜக் குழியில் இதற்கெல்லாம் இடம் ஏது?

பாறை வழிவிடாது!

படம் வந்த பிறகு குகையைப் பார்க்கக் கூட்டம் அலைமோதியது. தடுப்பைத் தாண்டி உள்ளே போன இளைஞர்கள் சிலரை வனத்துறையினர் பிடித்தார்கள்.

திரையில் கண்ட குகை, பார்க்கிறவர்களுக்காக அளந்து கட்டியது. மலையில் உள்ள குகை யாருக்காகவும் அளந்து கட்டியது அல்ல. வெளியே வேரும் சருகும் தெரியும். உள்ளே எவ்வளவு ஆழம் என்று தெரியாது.

விளையாட்டில் வீரன் விழுந்தால், மறுபடி முதலில் இருந்து ஆடலாம். மலையில் அப்படி முடியுமா?

கொடைக்கானலுக்குப் போகிறீர்களா? குணா குகையை அவசியம் பாருங்கள். ஆனால், வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பாருங்கள். பிள்ளைகளின் கையை விடாதீர்கள்!