காற்றாலைக் கம்பெனிப் பங்குகளும் கிராமத்துச் சேமிப்பும்

காற்றாலையைக் கண்டிராத கிராமவாசி நம் மாநிலத்தில் இன்று அரிது. ஆரல்வாய்மொழிக் கணவாயிலும், கயத்தாற்றைச் சுற்றிலும், பல்லடம், உடுமலைப்பேட்டைப் பகுதிகளிலும் சோளக் காடுகளுக்கிடையே அவை வரிசையாக நின்று சுழல்கின்றன. இராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016-ம் ஆண்டில் 648 மெகாவாட் திறன் கொண்ட சூரிய மின்நிலையம் எழுந்தது.

இவற்றைக் காண்போர் மனத்தில், “இத்தொழில் வளரும், ஆகவே இதனை நடத்தும் கம்பெனியின் பங்குகளை வாங்கினால் நமது பணமும் வளரும்” என்னும் எண்ணம் எழுவது இயற்கையே. கைபேசி வாயிலாகவே பங்கு வாங்கும் வசதி ஏற்பட்டுள்ளமையால், பஞ்சாயத்து உறுப்பினர்களிடையேயும் விவசாயிகளிடையேயும் இப்பேச்சு மிகுந்து வருகிறது. இவ்வெண்ணத்தின் முற்பகுதி சரியானது. பிற்பகுதி எப்போதும் சரியாக இருப்பதில்லை. அது ஏன் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பங்கு என்பது யாது?

கூட்டுறவுச் சங்கத்தில் பங்குத் தொகை செலுத்தி நாம் உறுப்பினராகிறோம். அங்கே ஒருவருக்கு ஒரு வாக்கு. நாம் செலுத்திய பங்கின் மதிப்பு நாள்தோறும் ஏறி இறங்குவதில்லை. கம்பெனிப் பங்கு இத்தன்மையது அன்று. அதனை வாங்குபவர், தாம் வாங்கிய அளவுக்குக் கம்பெனியின் உடைமையாளர் ஆகிறார். இலாபம் வந்து, அதனைப் பங்கிடக் கம்பெனி முடிவு செய்தால் அவருக்கும் ஒரு பகுதி கிடைக்கும். நஷ்டம் வரின், பங்கின் விலை வீழ்ந்து அவரது முதலே கரையும். விற்க விரும்பினால் பங்குச் சந்தையில் அன்று நிலவும் விலைக்கே விற்றாக வேண்டும். தக்காளி விற்கும் சந்தை நமது சாகுபடிச் செலவைக் கேட்பதில்லை. பங்குச் சந்தையும் நாம் கொடுத்த விலையைக் கேட்பதில்லை.

ஒரு கம்பெனியின் வரலாறு

சுஸ்லான் எனர்ஜி என்னும் கம்பெனி 1995-ம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. காற்றாலை இயந்திரங்களைச் செய்து நிறுவிப் பராமரிப்பது அதன் தொழில். நம் மாநிலத்திலும் அதன் காற்றாலைகள் பல உள்ளன. 2005-ம் ஆண்டில் அதன் பங்குகள் பொதுமக்களுக்கு 510 ரூபாய் விலையில் வழங்கப்பட்டன. 2008 ஜனவரியில் 10 ரூபாய் முகமதிப்புள்ள ஒவ்வொரு பங்கும் 2 ரூபாய் முகமதிப்புள்ள 5 பங்குகளாகப் பிரிக்கப்பட்டது. அதன்படி, முதலில் வாங்கியோருக்குப் பங்கு ஒன்றின் அடக்கவிலை 102 ரூபாய். அதே மாதத்தில் சந்தை விலை 450 ரூபாயைத் தாண்டியது. 2020 மார்ச்சிலோ அது 2 ரூபாய்க்கும் கீழே இறங்கிற்று. 450 ரூபாய் வீதம் 100 பங்குகளை 45,000 ரூபாய்க்கு வாங்கிய ஒருவருடைய பணம், 12 ஆண்டுகளில் 200 ரூபாய்க்கும் குறைவாயிற்று.

இடைப்பட்ட காலத்தில் காற்றாலைத் தொழில் தேய்ந்துவிட்டதா? இல்லை. 2008 மார்ச்சில் நாட்டின் காற்றாலைத் திறன் 9,000 மெகாவாட்டுக்குக் குறைவாக இருந்தது. 2020 மார்ச்சில் அது 37,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. தொழில் நான்கு மடங்கு வளர்ந்தது. அத்தொழிலின் முன்னணிக் கம்பெனியின் பங்கு கரைந்தது.

இதற்கு முதற்காரணம் கடன். அக்கம்பெனி 2006-ம் ஆண்டில் பெல்ஜியம் நாட்டிலும், 2007-ம் ஆண்டில் ஜெர்மனியிலும் பெரிய கம்பெனிகளை விலைக்கு வாங்கியது. அந்நிய நாணயத்தில் கடன் பத்திரங்களும் வெளியிட்டது. 2008-ல் உலகெங்கும் நிதி நெருக்கடி ஏற்பட்டது. அமெரிக்காவில் நிறுவிய காற்றாலை இறக்கைகளில் விரிசல் கண்டு, அவற்றைச் சீர் செய்யும் செலவும் சேர்ந்தது. 2012 அக்டோபரில் 20 கோடி டாலருக்கு மேற்பட்ட பத்திரக் கடனைத் தவணையில் திருப்பிச் செலுத்த இயலவில்லை. அதே ஆண்டில், காற்றாலை வைப்போருக்கு அளித்து வந்த விரைவுத் தேய்மான வரிச் சலுகையை மத்திய அரசு நிறுத்தியது. அது 2014-ம் ஆண்டில்தான் மீண்டும் வழங்கப்பட்டது. 2017-ல் ஏலமுறை வந்தபின், காற்றாலை மின்சாரத்தின் விலை அவ்வாண்டு பிப்ரவரியில் யூனிட்டுக்கு 3.46 ரூபாயாகவும், டிசம்பரில் 2.43 ரூபாயாகவும் குறைந்தது. வாங்குவோருக்கு நன்மை பயத்த இவ்விலைக் குறைவு, இயந்திரம் செய்வோரின் ஆதாயத்தை அரித்தது. அகலக் கால் வைத்தவருக்கு ஒவ்வோர் இடறலும் வீழ்ச்சியாக முடிந்தது.

பின்னர் அக்கம்பெனி கடனைக் குறைத்து மீண்டு எழுந்தது. 2024 செப்டம்பரில் பங்கு விலை 80 ரூபாய்க்கு மேல் சென்றது. எனினும், 2005-ல் வாங்கியோரின் அடக்கவிலையாகிய 102 ரூபாயை அப்போதும் அது எட்டவில்லை.

வாங்கும் விலையின் முக்கியத்துவம்

அரசுக் கம்பெனியாயின் அச்சமில்லை என்று சிலர் கருதுவர். இத்தொழிலுக்குக் கடன் வழங்கும் பொருட்டு 1987-ம் ஆண்டில் மத்திய அரசு நிறுவிய இரெடா என்னும் நிறுவனம், 2023 நவம்பரில் 32 ரூபாய் விலையில் பங்குகளை வழங்கியது. 2024 ஜூலையில் அதன் விலை 310 ரூபாய் வரை ஏறிற்று. 2025 மார்ச்சில் 150 ரூபாய்க்கும் கீழே வந்தது. அந்நாளில், 32 ரூபாய்க்குப் பெற்றவரின் பணம் நான்கு மடங்குக்கு மேல் ஆகியிருந்தது. 310 ரூபாய்க்கு வாங்கியவர் பாதிக்கு மேல் இழந்திருந்தார். கம்பெனி ஒன்றே; வாங்கிய விலையே வேறு. ஊரெல்லாம் ஒரு பங்கைப் பற்றிப் பேசும் நாளில் அதன் விலை பெரும்பாலும் உச்சியில் இருக்கும் என்பதை நாம் மறத்தலாகாது.

வாங்குமுன் அறிய வேண்டுவன

முதலாவதாக, கம்பெனி இயந்திரம் செய்கிறதா, மின்சாரம் விற்கிறதா, கடன் வழங்குகிறதா என்று அறிய வேண்டும். இம்மூன்றின் இலாப நஷ்டங்களும் வெவ்வேறானவை. இரண்டாவதாக, அதன் ஆண்டறிக்கையில் கடன் எவ்வளவு, வட்டி எவ்வளவு, அவ்வட்டியைச் செலுத்தியபின் இலாபம் மிஞ்சுகிறதா எனக் காண வேண்டும். மூன்றாவதாக, மின்சாரத்தை வாங்குவோர் உரிய காலத்தில் பணம் தருகின்றனரா என்பது. விற்ற கரும்புக்குப் பணம் வரத் தாமதமானால் படும் தொல்லையை விவசாயிகள் நன்கறிவர். நான்காவதாக, சலுகை நின்றால் கம்பெனியும் நின்றுவிடுமா என்று ஆராய வேண்டும்.

எப்பணம், எவ்வளவு?

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது நம் முன்னோர் வாக்கு. பயிர்க்கடன், நகைக்கடன், விதைக்கும் உரத்துக்கும் வைத்த பணம், பிள்ளைகளின் படிப்புக்கும் திருமணத்துக்கும் சேர்த்த பணம் ஆகியவற்றைப் பங்குகளில் போடுதல் கூடாது. ஓராண்டுக் குடும்பச் செலவை வங்கியிலோ அஞ்சலகத்திலோ ஒதுக்கி வைத்தபின், ஐந்தாறு ஆண்டுகளுக்குத் தேவைப்படாத மிச்சத்தில் ஒரு சிறு பகுதியே இதற்கு உரியது. அதனையும் ஒரே கம்பெனியில் போடாது பிரித்துப் போடுதல் நன்று. இவை யாவும் தனி மனிதரின் சொந்தப் பணத்தைப் பற்றியன. பஞ்சாயத்து நிதி ஊர்ப்பணம். அதனைக் கொண்டு பங்கு வாணிபம் செய்ய எவரும் எண்ணலாகாது.

பங்கு வாங்குவதற்கு வருமான வரி நிரந்தரக் கணக்கு எண்ணும், டீமாட் கணக்கும் தேவை. செபியில் பதிவு பெற்ற தரகர் வாயிலாகவே வாங்க வேண்டும். “சூரிய மின்பண்ணையில் பணம் போட்டால் மாதந்தோறும் நிச்சய வருமானம்” என்று கூறித் தம் சொந்தக் கணக்குக்குப் பணம் அனுப்பச் சொல்வோரை நம்புதல் ஆகாது. ஈமு கோழிப் பண்ணை ஆசையால் 2012-ம் ஆண்டில் கொங்குப் பகுதிக் குடும்பங்கள் பல அடைந்த நஷ்டத்தை நாம் அறிவோம். இணைய வழியில் ஏமாற்றப்பட்டோர் உடனே 1930 என்னும் எண்ணில் புகார் செய்தல் வேண்டும்.

வேறொரு வழி

பங்கு வாங்காமலே இச்சக்தியால் பயன் பெறலாம். கோவை மாவட்டம் மேட்டுப்பாளையத்தை அடுத்த ஓடந்துறைப் பஞ்சாயத்து, 2006-ம் ஆண்டில் தன் சேமிப்பையும் வங்கிக் கடனையும் சேர்த்து, சுமார் 1.55 கோடி ரூபாயில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றைத் தானே வாங்கியது. ஊரின் தேவைக்குப் போக மிஞ்சிய மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்றது. அங்கும் கடன் இருந்தது. ஆனால் காற்றாலையின் வருமானத்துக்குள் அடங்கிய கடன் அது. வீட்டுக் கூரையில் சூரியத் தகடு அமைப்போருக்கு 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் தரும் திட்டத்தை மத்திய அரசு 2024 பிப்ரவரியில் தொடங்கியது. கூரையிலுள்ள தகடு, சந்தை விலை ஏறினாலும் இறங்கினாலும் மின்கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே இருக்கும்.

காற்று நல்லது என்பதற்காகக் காற்றாலைக் கம்பெனிகள் யாவும் நல்லவை ஆகிவிடா. கம்பெனி நல்லது என்பதற்காக எவ்விலையும் நல்விலை ஆகிவிடாது. உறுப்பினர்கள் இதனைக் கிராம சபையிலும் சுய உதவிக் குழுக் கூட்டங்களிலும் எடுத்துரைப்பார்களாயின், வியர்வை சிந்திச் சேர்த்த பணம் பல வீடுகளில் காக்கப்படும்.