சர்வர் இல்லாத சேவை

சர்வர் இல்லாத ஓட்டலில் இட்லி தானாக மேசைக்கு வந்து சேருமா? சேராது, யாரோ ஒருவர் கொண்டுவரத்தான் வேண்டும். கணிப்பொறித் துறையில் ‘சர்வர் இல்லாச் சேவை’ என்பதும் இப்படித்தான். சர்வர் எனப்படும் கணிப்பொறி எங்கோ இருக்கிறது. அதைக் கவனித்துக்கொள்ளும் வேலைதான் நமக்கு இல்லை.

முதலில் பழைய முறையைப் பார்ப்போம். ஒரே கணிப்பொறியை மென்பொருளின் உதவியால் பல கணிப்பொறிகள் போல நடந்துகொள்ளச் செய்யலாம். இவற்றுக்கு மெய்நிகர் இயந்திரங்கள் என்று பெயர். ஐ.பி.எம். நிறுவனத்தார் 1960களில் இதைச் செய்து பார்த்து, 1972இல் வி.எம்./370 என்ற பெயரில் வெளியிட்டனர். 2006இல் அமேசான் நிறுவனம் இத்தகைய இயந்திரங்களை இணையத்தின் வழியே வாடகைக்கு விடத் தொடங்கியது.

வாடகைக்கு எடுத்தபின் இயந்திரம் உங்கள் பொறுப்பு. அதன் இயங்குதளத்தை நீங்கள்தான் புதுப்பிக்க வேண்டும். நள்ளிரவில் நிரல் நின்றுபோனால் நீங்கள்தான் விழித்தெழ வேண்டும்.

கன்டெய்னர் முறை வேறு. நிரலையும் அது இயங்கத் தேவையான துணைக் கோப்புகளையும் ஒரே பொட்டலமாகக் கட்டிவிடுகிறார்கள். 2013இல் வெளிவந்த டாக்கர் என்ற மென்பொருள் இதை எளிதாக்கியது. கூகுளின் கிளவுட் ரன் (2019) போன்ற சேவையிடம் இப்பொட்டலத்தை ஒப்படைத்தால் போதும். யாராவது கேட்கும்போது அது நிரலை இயக்கும். ஆயிரம் பேர் ஒன்றாகக் கேட்டால் பல பிரதிகளை இயக்கும். எவரும் கேட்காவிட்டால் எல்லாவற்றையும் நிறுத்திவிடும்.

இதில் என்ன இலாபம்? ஒரு கணக்குப் போடுவோம். உங்கள் பள்ளி நூலகத்தில் நூல் தேடித்தரும் நிரல் ஒன்றை நாளுக்கு 200 பேர் பயன்படுத்துவதாகக் கொள்ளுங்கள். ஒரு தேடலுக்கு அரை வினாடி என்றால் மொத்தம் 100 வினாடி. ஆனால் ஒரு நாளுக்கு 86,400 வினாடிகள்! மெய்நிகர் இயந்திரம் வைத்திருந்தால், அது சும்மா இருக்கும் 86,300 வினாடிகளுக்கும் வாடகை தரவேண்டும்.

அப்படியானால் பழைய முறையை விட்டுவிடலாமா? அவசரப்படாதீர்கள். ஆட்டோவில் போகிறவர் போகும் தூரத்துக்குப் பணம் தந்தால் போதும். ஆனால் ஆட்டோ வரும்வரை நிற்க வேண்டும். அதுபோல, எல்லாப் பிரதிகளும் நின்றிருக்கும் வேளையில் முதலில் கேட்பவர், நிரல் எழுந்து தயாராகும்வரை காத்திருக்க வேண்டியதுதான். இதைக் ‘குளிர்நிலைத் தொடக்கம்’ என்கிறார்கள். நாள் முழுதும் ஊர் சுற்றுகிறவருக்கு ஆட்டோ கட்டுப்படியாகாது. இரவு பகலாக ஓயாது உழைக்கும் நிரலுக்கு மெய்நிகர் இயந்திரமே பெரும்பாலும் மலிவு. இன்னொன்று: விஷமி ஒருவன் இலட்சக்கணக்கில் கேள்விகளை அனுப்பினால் பிரதிகள் பெருகும், கட்டணமும் பெருகும். பிரதிகளுக்கு உச்சவரம்பு வைக்க மறந்தவர் பாடு திண்டாட்டம்!

கடைசியாக ஒரு வேடிக்கை. ஒரே கணிப்பொறியிலுள்ள கன்டெய்னர்கள் இயங்குதளத்தின் மையப்பகுதியைப் பங்கிட்டுக்கொள்கின்றன. முன்பின் தெரியாதவர்களின் நிரல்களை அப்படி அருகருகே வைப்பது ஆபத்து. எனவே அமேசான் 2018இல் ஃபயர்கிராக்கர், அதாவது ‘பட்டாசு’, என்ற மென்பொருளை வெளியிட்டது. ஏறத்தாழ 125 மில்லி வினாடியில், அதாவது வினாடியின் எட்டில் ஒரு பங்கில், அது ஒரு குட்டி இயந்திரத்தை எழுப்பிவிடும். லாம்ப்டா என்ற அமேசானின் சர்வர் இல்லாச் சேவைக்குள்ளே ஓடுபவை இந்தக் குட்டி மெய்நிகர் இயந்திரங்களே.