அக்ரி குரூப்பை யார் மூடினார்கள்?

பிளஸ் ஒன் சேர்க்கை முடியும் நேரம். மறைமலை நகர், சிங்கப்பெருமாள்கோவில், ஒரகடம் பக்கமிருந்து வரும் கடிதங்களில் ஒரே குழப்பம்: அண்ணன் படித்தபோது பள்ளியில் அக்ரி குரூப் (வேளாண் தொழிற்கல்விப் பிரிவு) இருந்தது, தம்பி போய்க் கேட்டால் இல்லை என்கிறார்கள், அரசு மூடிவிட்டதா? மூடவில்லை. சிக்கலே அதுதான்.

கொஞ்சம் பழைய கதை. சைதாப்பேட்டையில் 1865இல் அரசு ஒரு சோதனைப் பண்ணை தொடங்கியது. அதையொட்டி வந்த விவசாயப் பள்ளி 1906இல் கோவைக்கு இடம்பெயர்ந்து, 1971இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமானது. பல்கலைக்கழகம் தன் தொடக்கம் 1868 என்கிறது. பள்ளி திறந்தது 1876 என்பது இன்னொரு கணக்கு. (வயதைக் கூட்டிச் சொல்ல ஆசைப்படுபவை நிறுவனங்கள் மட்டும்தான்.) உயர்நிலைப் பள்ளிகளுக்கு வேளாண் பாடம் வேண்டும் என்று அழுத்திச் சொன்னது லட்சுமணசாமி முதலியார் தலைமையிலான இடைநிலைக் கல்விக் குழு, 1953இல். அதே ஆண்டு ராஜாஜியின் அரைநாள் பள்ளி, அரைநாள் குடும்பத் தொழில் திட்டம் வந்து, குலக்கல்வி என்று எதிர்க்கப்பட்டு, 1954இல் காமராஜர் ஆட்சியில் கைவிடப்பட்டது. ஏர் பிடிக்கும் வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளியிலும் ஏரா என்ற சந்தேகம் இன்னும் போகவில்லை. நியாயமான சந்தேகம்தான்.

1978இல் பிளஸ் டூ வந்தபோது தொழிற்கல்விப் பிரிவும் கூடவே வந்தது. வேளாண் பாடமும் அதில் ஒன்று. 'மாணவர்களிடம் ஆர்வம் குறைந்துவிட்டது' என்பது அக்ரி குரூப் குறைவதைப் பற்றி அதிகாரிகள் வழக்கமாகச் சொல்வது. நடப்பதைப் பாருங்கள். இயற்பியல் ஆசிரியர் ஓய்வு பெற்றால் மாறுதலிலோ தேர்வு மூலமோ இன்னொருவர் வருவார். தொழிற்கல்வி ஆசிரியர் ஓய்வு பெற்றால் பல பள்ளிகளில் அந்த நாற்காலி காலியாகவே கிடக்கிறது. பாடம் நடத்த ஆளில்லாததால் தலைமையாசிரியர் அடுத்த ஆண்டு அந்தக் குரூப்புக்குப் பிள்ளைகளைச் சேர்ப்பதில்லை. சேர்க்கை பூஜ்யம். அந்தப் பூஜ்யத்தைக் காட்டி, ஆர்வமில்லை என்று எழுதிவிடலாம். மூடச் சொல்லி ஓர் ஆணையும் தேவையில்லை. எதிர்த்துப் போராட ஒரு காகிதம்கூட மிஞ்சுவதில்லை. இதை யோசித்தவர் ஒருவர் இருந்தால் கெட்டிக்காரர். யாரும் யோசிக்காமலே நடந்திருந்தால் இன்னும் மோசம்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. தொழிற்கல்விப் பிரிவில் படித்தவர்களுக்கு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் 5 சதவீத இடம் தனியாக ஒதுக்கப்படுகிறது. கோவையில் கதவு திறந்திருக்கிறது. அங்கே போகும் பாதைதான் ஊர்ப் பள்ளியிலேயே தேய்கிறது.

மற்றக் கேள்விகள்:

அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு வேளாண் படிப்புக்கு உண்டா? உண்டு, 2021 சட்டப்படி. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும்.

அரசு உதவிபெறும் பள்ளி? அந்தக் கணக்கில் வராது.

ஆலைகள் சூழ்ந்த ஊரில் ஆட்டோமொபைல் குரூப்பாவது நிலைக்குமா? அதுவும் தொழிற்கல்விப் பிரிவுதான். அதே நாற்காலிக் கணக்கு.

எங்கள் பள்ளியில் அக்ரி குரூப் இல்லையென்றால்? பக்கத்து ஊர் அரசுப் பள்ளிகளில் விசாரியுங்கள். சேர்க்கும் முன் தலைமையாசிரியரிடம் இதையும் கேளுங்கள்: "சார், இந்தப் பாடத்துக்கு நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா? எந்த வருஷம் ரிடையர் ஆகிறார்?"